அப்பா சொன்ன சரி

வண்டிப்பெரியார்,
11 ஆகஸ்ட் 2024

தம்பி ஜெகனுக்கு,

அக்கா முத்துப்பேச்சி எழுதுகிறேன். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். பொள்ளாச்சி பஸ்ஸில் என்னையும் பையையும் ஏற்றிவிட்டு நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாய். பழனி, திண்டுக்கல், தேனி, குமுளி என்று மாறி மாறி வந்ததில் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

வந்த நாளிலிருந்து உனக்குப் போன் போடுகிறேன். மணி அடிப்பதே இல்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "பிளாக் பண்ணி வச்சிருக்காகக்கா" என்றார் கடைக்காரர். யார் என்று கேட்டதற்கு ஏதோ கம்பெனிக்காரன் என்று சொல்லிச் சமாளித்தேன். கூடப் பிறந்த தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜெகா, நான் அப்பாவைக் கட்டாயப்படுத்தவில்லை. உன் வீட்டில் இருந்த மூன்று வாரமும் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன், முதுகு தேய்த்துவிட்டேன், நடுநடுவே என் நம்பிக்கையைச் சொன்னேன். நீ பால் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் சொன்னேன் என்பது உண்மை. நீ இருந்தால் சொல்ல விட்டிருப்பாயா? நான் கிளம்பின அன்றைக்குக் காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இயேசுவே, என்னைய உங்க கையில ஒப்புக்கொடுக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்றேன். சொன்னார். இருமலுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மனசார நம்புறீகளாப்பா" என்று கேட்டேன். "சரித்தா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஜெபவீட்டில் சேருகிற ஆண்கள் கயிறு, தாயத்து எதையும் உடம்பில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா இடுப்பிலிருந்த கறுப்புக் கயிற்றை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "ஒன் இஷ்டம்த்தா" என்றார். பிளேடால் அறுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் நீ வந்து ஊரைக் கூட்டிவிட்டாய்.

அப்பா எப்படி இருக்கிறார்? இதை அவருக்கு வாசித்துக் காட்டு.

அக்கா
முத்துப்பேச்சி


மீனாட்சிபுரம்,
20 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் கையில் கொடுக்கும்போதே, "லெட்டருங்களா? நானும் ஏதோ கோர்ட்டு நோட்டீசாக்கும்னு பார்த்தேனுங்க" என்று என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

போனை நான்தான் அடைத்து வைத்தேன். போனில் நீ இரண்டாவது வார்த்தைக்கே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாய். இனிமேலும் கடிதமே எழுது. எழுத்து என்றால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதாவது என் கையில் இருக்கும்.

'அவ்வளவுதான் நடந்தது' என்று எழுதியிருக்கிறாய். அரைஞாண் கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? நம் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எத்தனை சாவு பார்த்தவள் நீ. பிணத்தைக் குளிப்பாட்டி, கோடி போடுவதற்கு முன்னால்தான் அதை அறுப்பார்கள். உயிரோடு இருக்கிறவன் இடுப்பில் யாராவது கத்தி வைப்பார்களா? நீ பஸ் ஏறின அன்று மத்தியானம் வேட்டி மாற்றிவிட்டேன். அப்பா இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அறுத்தாச்சா? எப்படா எடுக்கிறாக?" என்று கேட்டார். தன்னைச் சுடுகாட்டுக்கு எப்போது எடுக்கிறார்கள் என்று ஒரு மனுஷன் கேட்டால் பெற்ற பிள்ளை என்ன பதில் சொல்வது? நீ உன் வேதத்தில் தேடி எழுது.

அன்றே புதுக் கயிறு வாங்கிக் கட்டினேன். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. ஆர்த்தி கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஏனுங்க, மாமா வாயத் தொறக்கவே மாட்டீங்கறாங்க" என்று என்னிடம் வந்து அழுகிறாள்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், உன் சாமி வருகிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு. அப்படிப் பார்த்தால் நாலு வரிதான் மிச்சம்.

அப்பாவைப் பார்க்க வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வா. ஆனால் அவரிடம் உன் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்படிச் சத்தியம் பண்ணி எழுதிவிட்டுப் பஸ் ஏறு.

ஜெகன்


வண்டிப்பெரியார்,
29 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

அந்தக் கயிறு விஷயத்தில் என்மேல்தான் தப்பு. 'எப்படா எடுக்கிறாக' என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சந்தோஷத்தில் எனக்கு லயமும் சாவும் சடங்கும் எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை. அப்பாவிடம் சொல், பேச்சி புத்தி கெட்டுச் செய்துவிட்டாள் என்று. கோபமிருந்தால் என்னைத் திட்டச் சொல்.

ஆனால் நீ கேட்கிற சத்தியம் என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன், நிறுத்தாமல் வாசி.

என் மகள் சித்ரா மஞ்சள்காமாலையில் போனபோது நீ வந்தாய், கருமாதி முடிந்ததும் வண்டிக்கு லீவு இல்லை என்று போய்விட்டாய். அவள் அப்பாவும் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று திருப்பூர் போனவர் போனவர்தான். நான் அவளுடைய ஸ்கூல் பையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். செடிக்கு அடிக்கிற மருந்தைச் சமையல்கட்டில் எடுத்து வைத்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது மேல் லயத்து இருதயம்மாள் வந்தாள். அவளுக்கும் எனக்கும் அதற்கு முன்னால் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. தினமும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருநாள், "ஒம் மக இயேசு மடியில இருக்கா. நீயும் ஒருநா அங்க போயி அவளைப் பார்க்கலாம், பேச்சி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். ஒன்பது வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் கொழுந்து எடுக்கிறேன், சோறு பொங்குகிறேன்.

ஒருத்தி வந்து சொன்னதால் பிழைத்தவள் நான். அதை நான் மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்னைவிடப் பாவி யார்? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டுகிறேன். உள்ளே டிவி சத்தம் கேட்கும், நான் கூப்பிட்டதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆளில்லாத மாதிரி இருப்பார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு, வாசலில் நிற்க வைத்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஒருவர்கூடச் சரி என்று சொன்னதில்லை. எங்கள் ஜெபவீட்டில் ஒவ்வொருவரும் தான் அழைத்து வந்தவர்களைச் சொல்லிச் சாட்சி சொல்வார்கள். நான் எழுந்து நின்று பாட்டு மட்டும் பாடிவிட்டு உட்காருவேன்.

அப்பாதான் எனக்குக் கிடைத்த முதல் ஆள். சித்ரா இருக்கிற இடத்துக்கு அப்பாவும் போக வேண்டும். போகாவிட்டால் அவரை நான் இனி ஒருநாளும் பார்க்க முடியாது. உனக்கு இது பைத்தியமாகத் தெரியும். எனக்கு இது உயிர். கிணற்றில் விழுகிறவரைப் பார்த்தும் கத்தக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்காதே.

அக்கா


மீனாட்சிபுரம்,
6 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

மருந்து விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் லீவு இல்லையென்று சொல்லியிருக்க மாட்டேன்.

மூச்சு முட்டுகிறதென்று அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், இனி வைத்திருந்து பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லையாம். இத்தனை வருஷம் தேயிலைக்கு மருந்தடித்த நெஞ்சு. மலைக்குளிர் வேண்டாம் என்று நான் இங்கே கூட்டி வந்து, தென்னந்தோப்புக் காற்றில் நாலு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். இப்போது தோட்டத்துக்காரர் ஆறுமுகசாமி தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். போகும்போது, "சொல்லி அனுப்ப வேண்டியவீங்களுக்குச் சொல்லி உட்ருங்க" என்றார்.

அப்பா பேசுவது குறைந்துவிட்டது. பேசினால் ஒன்றுதான் கேட்கிறார். "பேச்சி எங்கடா?" நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்று நினைக்கிறார். வேலைக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன். கிணறு, உயிர், மடி எல்லாம் உன்னோடு இருக்கட்டும். அவரை நிம்மதியாகப் போக விடு. நீ பேச ஆரம்பித்தால் அவர் மறுபடியும் இடுப்பைத் தடவ ஆரம்பித்துவிடுவார். சத்தியம் என்று ஒரு வரி எழுது. அப்பா காத்திருக்கிறார்.

ஜெகன்


வண்டிப்பெரியார்,
11 செப்டம்பர் 2024

ஜெகா,

சத்தியம். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

எங்கள் ஊழியக்காரரிடம் கேட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது, சொல்லாமல் விட்டால் அப்பா ஆத்துமாவின் கணக்கு என் தலைமேல் வரும் என்றார். வரட்டும் என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா என்னைப் பார்க்க வேண்டுமென்று கிடக்கும்போது நான் இங்கே உட்கார்ந்து நியாயம் பேச முடியாது. அவர் ஏற்கெனவே சரி என்று சொன்னவர்தானே என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். கடிதத்துக்கு முன்னால் நானே வந்தாலும் வரலாம். பதில் எழுதாதே.

அக்கா


வண்டிப்பெரியார்,
13 அக்டோபர் 2024

ஜெகனுக்கு,

அப்பாவின் கருமாதி முடிந்து வந்ததிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டபோது நான் போகாமல் தென்னை மரத்தடியில் நின்றதற்கு ஆர்த்தி வழிச் சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எனக்கும் கேட்டது. நீ அவர்களைப் பேச விடாமல் அடக்கியதும் கேட்டது. அதற்கு நன்றி. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேனா இல்லையா, நீயே சொல். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசினேன், சித்ரா சின்னதில் செய்த சேட்டையைச் சொன்னேன், கால் பிடித்துவிட்டேன். ஜெபம்கூடக் கொல்லைப்பக்கம் போய்த்தான் பண்ணினேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது உனக்கும் கேட்டது. கஞ்சித் தம்ளரோடு நீ வாசற்படியில் நின்றாய்.

"எத்தா, அன்னைக்கு என்னையச் சொல்லச் சொன்னியே, அது என்னத்தா? மறந்து போச்சு. இன்னொரு தரம் சொல்லு, சொல்றேன்."

நான் உன்னைப் பார்த்தேன், ஜெகா. நீ ஒரு தரம் தலையை ஆட்டியிருந்தால் போதும். நீ தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக நான் தட்டாத கதவில்லை. ஒருவர் தானாகக் கேட்டார், அதுவும் என்னைப் பெற்றவர், நான் என்ன சொன்னேன்? "இப்பத் தூங்குங்கப்பா, காலையில பேசுவோம்" என்றேன். காலையில் அப்பா இல்லை.

இப்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. இருதயம்மாள், "அவரு ஏற்கெனவே சொன்னவருதானே, போதும்டி" என்கிறாள். அவள் சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன். மனசு ஒருநேரம் நம்புகிறது, ஒருநேரம் உதைக்கிறது. அவர் அன்றைக்குச் சொன்ன 'சரி' மனசிலிருந்து வந்ததா? நான் போன பிறகு அதைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாரா? எனக்கு வேறு எதுவும் வேண்டாம். இதை மட்டும் எழுது. பொய் சொல்லாதே.

அக்கா


மீனாட்சிபுரம்,
25 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

பொய் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆர்த்தியும் அதைத்தான் சொன்னாள். "ஏனுங்க, மனசாரச் சொன்னாருன்னே எழுதிப்போடுங்க. சொன்னவரு போயிட்டாருங்க, கேக்கறவீங்க உசுரோட இருக்கறாங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுதி, கிழித்தேன். உன் நம்பிக்கையையே அடகு வைத்து எனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினாய். அப்படிப்பட்டவளுக்குப் பொய் எழுத வெட்கமாக இருந்தது.

புதுக் கயிறு கட்டின அன்றைக்கு அப்பாவிடம் கோபமாகக் கேட்டேன். "அவ பைத்தியக்காரத்தனமா எதையோ கேட்டா, நீங்களும் எதுக்குப்பா தலையை ஆட்டுனீக?" அப்பா ரொம்ப நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"அது பாவம்டா. மக போனதுல இருந்து வீடு வீடாப் போயி நிக்கிது. ஒருத்தனாச்சும் சரின்னு சொல்லியிருக்கானா? பெத்த அப்பன் நானும் மாட்டேன்னா அது எங்கிட்டுப் போகும்? நான் சரின்னதும் அது முகத்தைப் பார்க்கணுமே நீ. சித்ரா போனதுக்கு அப்புறம் அது சிரிச்சு அன்னைக்குத்தான்டா பார்த்தேன்."

இதுதான் அவர் சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நீ வரப்போகிறாய் என்று சொன்ன அன்று என்னிடமே கேட்டார். "அந்தப் பிள்ளை சொல்லச் சொன்னது நாக்குல நிக்க மாட்டேங்குது. நீ கேட்டு வச்சுச் சொல்லிக்குடு. தப்பாச் சொன்னா அது முகம் வாடிப்போகும்" என்றார். நான் காதில் வாங்காத மாதிரி போய்விட்டேன். அதனால்தான் உன்னிடமே கேட்டார். உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும், அதற்குத்தான்.

வாசற்படியில் நான் தலையாட்டாமல் நின்றதும் அதனால்தான். மூச்சுவிடவே முடியாத மனுஷன், கடைசி நேரத்திலும் யாருக்காகவோ எதையோ ஒப்பிக்க வேண்டுமா என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் ஆசைப்பட்டதே அது ஒன்றுதான். அதையும் நான் செய்ய விடவில்லை. நீ சொல்ல வந்ததையும் சொல்ல விடவில்லை. என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அக்கா.

உன் நம்பர் இப்போது திறந்துதான் இருக்கிறது. கூப்பிடு. ஜெபம் பண்ணினாலும் பரவாயில்லை.

ஜெகன்


வண்டிப்பெரியார்,
10 நவம்பர் 2024

தம்பி ஜெகனுக்கு,

உன் கடிதம் வந்தது. உண்மையை எழுதினதற்கு உன்மேல் கோபமில்லை. போனில் கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதே, பேசினால் நான் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய்.

அப்பா எங்கே இருக்கிறார் என்று இனி எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் கண்ணை மூடினால் சித்ரா ஓரிடத்தில் இருப்பாள், நான் ஒருநாள் அங்கே போவேன் என்று நிச்சயமாக இருந்தது. இப்போது அங்கே போனாலும் அப்பா இருக்க மாட்டாரே என்று தோன்றுகிறது. அவர் இல்லாத இடத்துக்குப் போய் நான் என்ன செய்ய? இப்படி நினைப்பதே பாவம் என்று எனக்குத் தெரியும். ஜெபிக்க உட்கார்ந்தால் அப்பா மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக எந்த லயத்துக்கும் போகவில்லை. நான் வரவில்லையே என்று யாரும் தேடவில்லை.

நான் அவரைக் காப்பாற்றப் போனதாக நினைத்தேன். அவர் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். ஊரில் எல்லோரும் கதவைச் சாத்தினபோது எனக்கு வலித்தது உண்மைதான், ஆனால் யாரும் என்னை ஏமாற்றவில்லை. என்மேல் உயிராக இருந்தவர் ஒருவர்தான் பொய் சொன்னார். அந்தப் பொய்யைவிட நல்லது எதுவும் எனக்கு இந்த உலகத்தில் கிடைத்ததில்லை. அதை நினைத்துத்தான் அழுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைக் காட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். புருஷன் பைக் விபத்தில் போய்விட்டான், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நேற்று எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்து, "யக்கா, ஒங்க மக போனப்ப நீங்க எப்படித் தாங்குனீக? நீங்க என்னமோ சாமி கும்பிடுறீகளாமே, எனக்கும் சொல்லுங்கக்கா" என்றாள்.

யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று நான் எத்தனை நாள் முழங்கால் போட்டிருப்பேன். இருதயம்மாள் எனக்குச் சொன்ன அதே வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பெண், பாவப்பட்ட முகம். நான் சொன்னால் இவளும் என் மனசு நோகக் கூடாது என்று 'சரிக்கா' சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"கொழுந்து முத்திப் போகுது, எடும்மா" என்று சொல்லிவிட்டு வேறு நிரைக்குப் போய்விட்டேன். வேலை முடிகிற வரைக்கும் செடிக்கு அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா
முத்துப்பேச்சி